பேப்பர் கட்டு – 7: நிற்காமல் போன ரயில்

சென்ற வாரம் கோவில்பட்டி ரயிலடியில் கட்டு இறங்கியதோடு நிறுத்தினோம். 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் தண்டவாளம் போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊர் இளையரசனேந்தலுக்கு வெளியுலகம் கோவில்பட்டி வழியாகத்தான். ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே வரும் ரோட்டுக்குப் பெயரே இளையரசனேந்தல் ரோடு. மழை பெய்தால் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் தண்ணீர் கட்டிக்கொள்ளும், மறுநாள் அதுவே பேப்பரில் வரும். எங்கள் பிர்க்காவை வருவாய்க்குக் கோவில்பட்டி, ஊராட்சிக்குக் குருவிகுளம் என்று பங்கு வைத்திருக்கிறார்கள். எந்த ஆபீசுக்கு எந்த மனுவைத் தூக்கிக்கொண்டு போவது என்று கேட்டால் பெரியவர்களே முழிப்பார்கள். பேப்பருக்கு மட்டும் அந்தக் குழப்பம் இருந்ததில்லை. கட்டு கோவில்பட்டியில் இறங்கும், சைக்கிளிலோ பஸ்ஸிலோ ஊருக்கு வரும்.

ஊருக்கு வந்த கட்டு யார் கையில் பிரிந்தது என்பதுதான் இந்தத் தொடரின் கதை. கரிசல் காட்டுச் சிற்றூர்களில் பேப்பர் ஏஜென்ட் என்று தனியாக ஓர் ஆள் நெடுநாள் பிழைத்துவிட முடியாது. கம்பெனிக்கு முன்பணம் கட்ட வேண்டும். விலையில் கிடைக்கும் கமிஷனோ ஒரு பேப்பருக்குச் சில காசு. பருத்தி போடும் ஊரில் சந்தாக்காரர் பாக்கியைத் தருவது பருத்தி எடுத்த பிறகுதான்; கம்பெனிக்காரன் அதுவரை காத்திருப்பானா? மதியத்துக்கு மேல் விற்காத பேப்பர் பழைய பேப்பர். அதைப் பொட்டலம் மடிக்கப் பலசரக்குக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். ஏஜென்டுக்கு ஒரு நாள் உறைக்கும்: பழைய பேப்பரை நாம் ஏன் அவருக்கு விற்க வேண்டும், நாமே கடை போட்டால் என்ன?

பலசரக்குக் கடைக்கு முதல் வேண்டுமே என்பார்கள். முதலில் பாதியை அவர் ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருந்தார் என்பது என் கட்சி. எந்த வீட்டில் ஒன்றாம் தேதி காசு கிடைக்கும், எந்த வீட்டில் ஐந்து முறை நடக்க வேண்டும், யார் பேச்சில் தாராளம் கையில் கஞ்சம், யார் பேசவே மாட்டார் ஆனால் பாக்கி வைக்க மாட்டார்: இந்தக் கணக்கு எந்த வங்கியும் தராதது. வாசல் வாசலாகப் பேப்பர் போட்டவனுக்குத்தான் மனப்பாடம். கடன் நோட்டுப் போட்டு வியாபாரம் செய்யும் பலசரக்குக் கடையில் அரிசி மூட்டையைவிட இந்தக் கணக்குத்தான் பெரிய சரக்கு.

சரி, ரயில் வராத ஊரின் கதை இது. ரயில் வரும், ஆனால் நிற்காது என்றால் அந்த ஊர்ப் பேப்பர் ஏஜென்ட் என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிக் கிழக்கே போக வேண்டியிருக்கிறது. ராமேஸ்வரம் தீவுக்கு.

*

ராமேஸ்வரம் என்றதுமே பாதிப் பேர் விடையைச் சொல்லியிருப்பீர்கள். கட்டைப் பிடித்த பையன் பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனார், அவர் பெயர் அப்துல் கலாம், அதுதானே? அதேதான். ஆனால் நம் கதாநாயகர் அவரில்லை. பையனுக்குச் சம்பளம் கொடுத்த ஏஜென்ட் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரியில் வந்து போய்விடுவார். பெயர் சம்சுதீன். கலாமுக்கு நெருங்கிய உறவு.

ராமேஸ்வரத்துக்கு வரும் அத்தனை பேப்பருக்கும் சம்சுதீன் ஒருவர்தான் ஏஜென்ட். முதலாளியும் அவர், குமாஸ்தாவும் அவர், வீடு வீடாகப் போடும் ஆளும் அவரேதான். பாம்பனிலிருந்து வரும் காலை ரயிலில் கட்டு வந்து இறங்கும். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர் என்று கலாம் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஆயிரம் பேரும் எதற்காகப் பேப்பர் வாங்கினார்கள் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சுதந்திரப் போராட்டச் செய்திக்கு. ராசிபலனுக்கு. மெட்ராஸில் தங்கம் வெள்ளி என்ன விலை என்று பார்க்க.

இந்த மூன்றில் முதலாவதை மட்டும் நம் வரலாற்றுப் புத்தகங்கள் எடுத்துக்கொண்டன. சம்சுதீனுக்கோ மூன்றும் ஒன்றுதான். காந்திக்காக வாங்குகிறவரும் கடக ராசிக்காக வாங்குகிறவரும் கொடுக்கும் காசு ஒரே காசு. கொஞ்சம் உலகம் தெரிந்தவர்கள் ஹிட்லர், காந்தி, ஜின்னா என்று விவாதிப்பார்களாம். கடைசியில் பேச்சு பெரியார் இயக்கத்தில் போய் முடியுமாம். கோயிலை நம்பிப் பிழைக்கும் ஊரில் இது நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதிகம் கேட்கப்பட்ட பேப்பர் தினமணி. பாரதியார் இறந்த தேதியான செப்டம்பர் 11-ஐப் பார்த்து 1934-இல் தொடங்கிய பேப்பர். ஆசிரியர் டி.எஸ்.சொக்கலிங்கம், நம் தென்காசிக்காரர். அதற்கு முன்பே ‘காந்தி’ பத்திரிகை நடத்தியவர், ‘மணிக்கொடி’யைத் தொடங்கியவர்களில் ஒருவர். தென்காசியில் பிறந்த ஒருவர் மெட்ராஸில் உட்கார்ந்து எழுதியதை, கடலைத் தாண்டி ஒரு தீவில் சம்சுதீன் தெருத் தெருவாகப் போட்டார். பையன் கலாமுக்கு அப்போது பேப்பரைப் படிக்கும் அளவுக்கு எழுத்து வசப்படவில்லை. சம்சுதீன் பேப்பர் போடக் கிளம்புவதற்குள் படங்களை மட்டும் புரட்டிப் பார்த்துக்கொள்வான்.

செய்தியை அவனுக்கு வாயால் சொன்னவர் இன்னொருவர்: அகமது ஜலாலுதீன். கலாமைவிட ஏறக்குறைய 15 வயது மூத்தவர். ஒப்பந்த வேலை செய்தவர், பின்னாளில் கலாமின் அக்கா ஜொஹராவை மணந்தவர். அன்றைக்கு அந்தத் தீவிலேயே ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஊரில் யாருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டுமானாலும் அவரிடம்தான் போவார்கள். இந்த இரண்டு பேரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சம்சுதீனும் ஜலாலுதீனும். கதை முழுக்க ஜோடியாகவே வருவார்கள்.

ஏஜென்சி இப்படிச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. ராமேஸ்வரத்தில் அதன் முதல் சத்தம் குண்டுச் சத்தமல்ல. ஒரு பலசரக்குக் கடையில் கேட்ட சத்தம் அது.

*

மசூதித் தெருவில் ஒரு பலசரக்குக் கடை. திடீரென்று அந்தக் கடையில் புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. அதுவரை குப்பையில் போன கொட்டை. எட்டு வயதுப் பையன் பொறுக்கிக்கொண்டு போய்ப் போட்டான்; ஒரு நாள் பொறுக்கினால் ஓர் அணா கிடைத்தது. ஏன் இந்தக் கிராக்கி என்று தனக்குக் கடைசி வரை விளங்கவில்லை என்று கலாம் எழுதியிருக்கிறார்.

ஆலை ஊர்க்காரர்களுக்கு ஓர் ஊகம் வரும். நெசவுக்கு முன்னால் பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். போர்க்காலத்தில் கஞ்சிக்கான மாவுச்சத்துக்குத் தட்டுப்பாடு. உணவு தானியத்தை ஆலைக்குக் கொட்ட முடியாது. புளியங்கொட்டையை உடைத்து அரைத்த மாவு அந்த இடத்துக்கு வந்தது. இன்றும் அது பெரிய வியாபாரம். மசூதித் தெருக் கொட்டைகள் எந்த ஆலைக்குப் போயின என்று சொல்ல முடியாது. ஆனால் போர் ஒரு தீவின் பலசரக்குக் கடைத் தராசில் வந்து உட்கார்ந்த விதம் இதுதான்.

அடுத்தது பேப்பர். அவசர நிலை அறிவித்தார்கள். ரயில்கள் போருக்கான வேலையில் இறங்கின. மெட்ராஸிலிருந்து தனுஷ்கோடிக்கு மெயில் ஓடும். அங்கிருந்து கப்பல் ஏறினால் தலைமன்னார், பிறகு கொழும்பு. இந்த மெயில் இனி ராமேஸ்வரத்தில் நிற்காது என்று ஆகிவிட்டது.

பயணிகளுக்கு இது தொந்தரவு. சம்சுதீனுக்குப் பிழைப்பே போகும் விஷயம். பால்காரருக்கு மாடு வீட்டில் இருக்கிறது. பேப்பர்காரருக்குச் சரக்கு ரயிலுக்குள் இருக்கிறது, ரயிலோ நிற்காது. அதுவும் எந்த நேரத்தில்? ஊரே போர்ச் செய்திக்குப் பறந்துகொண்டிருந்த நேரத்தில். வாழ்நாளில் கிராக்கி உச்சத்தில் இருந்தபோது கட்டு கைக்கு வராமல் போனது.

வழி ஒன்றுதான் இருந்தது. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே, ராமேஸ்வரம் ரோடு என்னும் இடத்தில், ஓடும் ரயிலிலிருந்தே கட்டைத் தள்ளிவிடுவது. தள்ளிவிட ஆள் இருந்தது. கீழே நின்று பிடிக்க?

*

கலாம் வீட்டில் அப்போது விடிவது நாலு மணிக்கு. ஊரில் ஒரு கணக்கு வாத்தியார் வருஷத்துக்கு ஐந்து பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுப்பார். குளித்துவிட்டு வர வேண்டும் என்பது அவர் நிபந்தனை. தாய் ஆஷியம்மா பிள்ளையை அதற்கு முன்னாலேயே எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புவார். கணக்கு முடிந்து வந்ததும் தந்தை ஜைனுலாப்தீனோடு தொழுகை, பிறகு அரபிப் பள்ளியில் ஓதல். இவ்வளவும் முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் ஓட்டம், தண்டவாளம் வரை.

மணல் பூமி. கட்டு விழுந்தால் சேதம் அதிகமிருக்காது. ஆனால் ஓடும் வண்டி ஓரிடத்தில் போடுமா? விழுந்த இடம் தேடிப் பொறுக்க வேண்டும், எண்ண வேண்டும், தெருவாரியாகப் பிரிக்க வேண்டும். எட்டு மணிக்குள் ஊர் முழுக்கப் போட்டாக வேண்டும். ராசிபலன் பார்ப்பவர் ராகு காலம் முடியும் வரை காத்திருக்க மாட்டார். அப்புறம் பசியாறிப் பள்ளிக்கூடம். சாயங்காலம் பள்ளி விட்டதும் பாக்கி வசூல்.

எல்லோரும் ஓடும் ரயிலைச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சாயங்கால வசூல்தான் பெரிதாகத் தெரிகிறது. கட்டு பிடிக்க உடம்பு போதும். பாக்கி வசூலிக்க ஆளைப் படிக்கத் தெரிய வேண்டும். சின்னப் பையனை அதற்கு அனுப்பிய சம்சுதீன் நல்ல வியாபாரி. பெரியவன் வந்து நின்றால் நாளைக்கு வா என்று சொல்கிற வாய், பிள்ளை வந்து நின்றால் கொஞ்சம் தயங்கும். தன் முதல் சம்பளத்தைச் சம்சுதீன் கையிலிருந்து வாங்கிய பெருமை அரை நூற்றாண்டு கழித்தும் நெஞ்சில் நிற்கிறது என்று கலாம் எழுதினார். எவ்வளவு சம்பளம் என்பதை எழுதவில்லை.

இப்படி ஓடி ஓடிச் சம்பாதித்த பிள்ளைக்கு வீட்டில் பசி தீர்ந்ததா? ரேஷன் காலம். பெரிய குடும்பம், அளந்துதான் சாப்பாடு. ஒரு நாள் ஆஷியம்மா சப்பாத்தி போடப் போட, பையன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். எழுந்த பிறகு அண்ணன் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார். அம்மா தன் பங்கையும் உனக்கே போட்டுவிட்டார், இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது, நீதான் பார்த்துச் சாப்பிட வேண்டும். பையன் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டான். மண்ணெண்ணெயும் ரேஷன்தான். ஆனால் இந்தப் பிள்ளை இரவில் கூடுதல் நேரம் படிக்கட்டும் என்று அதிலும் கொஞ்சம் எடுத்து வைத்தவர் அவர்.

போர் முடிந்தது. கட்டு பிடிக்கும் வேலையும் முடிந்தது. பையனை ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஊரை விட்டே முதன்முதலாகப் போகிறான். யார் கூட்டிக்கொண்டு போனார்கள் தெரியுமா? சம்சுதீனும் ஜலாலுதீனும். பேப்பர் ஏஜென்ட் தன்னிடம் இருந்த ஒரே வேலையாளைத் தானே கொண்டுபோய் விடுதியில் விட்டுவிட்டு வந்தார்.

*

இனி பலசரக்குக் கடைக்கு வருவோம். சம்சுதீன் கடை வைத்தவரல்லர். இந்த வீட்டில் பேப்பரிலிருந்து பலசரக்குக்குப் போன கை, அவரிடம் வேலை பார்த்த பையனுடையது.

கலாமின் அண்ணன் முஸ்தபா கமால் ராமேஸ்வரம் ரயிலடித் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1950-இலிருந்து 1954 வரை கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். விடுமுறைக்கு ஊர் வந்தால் போதும், கொஞ்ச நேரம் கடையைப் பார்த்துக்கொள் என்று அண்ணன் கூப்பிடுவார். கொஞ்ச நேரம் என்பது சம்பிரதாயப் பேச்சு. தம்பியை உட்கார வைத்துவிட்டுப் போனால் மணிக்கணக்கில் ஆளைக் காணாது. அண்ணன் கடையில் உட்கார்ந்த எந்தத் தம்பிக்கும் இது தெரிந்த கதைதான்.

எண்ணெய், வெங்காயம், அரிசி என்று எல்லாம் விற்றார் கலாம். எண்ணெய்க்கு அளவு, வெங்காயத்துக்குத் தராசு, அரிசிக்குப் படி. அன்றைய பலசரக்குக் கடையில் பொருளைவிடப் பொட்டலம் மடிப்பதுதான் வித்தை. பழைய பேப்பர்த் தாளைக் குறுக்காகக் கிழித்துக் கூம்பாகச் சுற்றி, அடி நுனியை உள்ளே மடக்கி, சரக்கைக் கொட்டி, மேல்வாயை மூடி, தலைக்கு மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, விரலில் முறுக்கி ஒரே வெட்டில் அறுக்க வேண்டும். ஒரு துண்டு நூல் வீணாகக் கூடாது. புதுக் கை மடித்த பொட்டலம் வாடிக்கையாளர் வீடு போவதற்குள் தெருவில் துவரம்பருப்பைச் சிந்திவிடும். விடியற்காலையில் தலைப்புச் செய்தியாக ஊருக்குள் நுழைந்த தாள் அதற்குள் மிளகாய் வற்றலுக்கு உறையாகியிருக்கும்.

அந்தக் கடையில் எது வேகமாக விற்றது என்று கலாம் கவனித்தார். அரிசியும் எண்ணெயும் பின்னால்தான். முன்னால் நின்றது சிகரெட்டும் பீடியும். ஏழைகள் உழைத்த காசை ஏன் இப்படிப் புகையாக்குகிறார்கள் என்ற கேள்வி அவருக்கு அங்கே வந்தது. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்கிறவர் நல்ல கடைக்காரராக முடியாது என்பது ஒரு பலசரக்குக்காரரின் தீர்ப்பாக இருக்கும். முஸ்தபா கமால் விட்டால் இன்னொரு சகோதரர் காசிம் முகமது பிடித்துக்கொள்வார். அவருக்குச் சங்கு, சிப்பிப் பொருள் விற்கும் சின்னக் கடை. ஒரு கடை ஊர்க்காரரை நம்பி, மற்றது யாத்திரை வந்தவரை நம்பி. ரயில் நின்றால்தான் இரண்டும் ஓடும்.

அந்தக் குடும்பத்தில் ஒரே வருமானம் என்று எதையும் சொல்ல முடியாது. தந்தை ஜைனுலாப்தீன் ஜலாலுதீனின் துணையோடு படகு கட்டி யாத்திரிகர்களை ஏற்றி இறக்கினார். அந்தப் படகைப் புயல் அடித்துக்கொண்டு போனது. பேப்பர், படகு, பலசரக்கு, சிப்பி. ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும்.

ஆனால் இவை எல்லாம் சேர்ந்தும் தாங்க முடியாத ஒரு செலவு வந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். பலசரக்குக் கடைக் கல்லாவில் அவ்வளவு எங்கே இருக்கும்? அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் கழற்றி அடகு வைத்தார். மெட்ராஸில் தங்கம் என்ன விலை என்று பார்க்கத்தானே ஊரில் பேப்பர் வாங்கினார்கள்!

ஏறக்குறைய பத்து வருடம் தாவுவோம். நாசாவில் பயிற்சிக்காக அமெரிக்கா புறப்படுகிறார் கலாம். பம்பாய் விமான நிலையம் வரை வந்து வழியனுப்பியவர்கள் இருவர். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தீவை விட்டு வெளியே அதிகம் போகாத அந்தப் பேப்பர் ஏஜென்ட், தன்னிடம் கூலிக்குக் கட்டு பிடித்த பையனை விமானம் ஏற்றிவிட பம்பாய் போய் நின்றார். 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து நைக் அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. கலாமும் அந்தக் குழுவில் இருந்தார்.

பதின்மூன்று மாதம் கழிந்தது.

1964 டிசம்பர் 22. வங்கக் கடலில் புயல். மாலையிலிருந்தே தீவில் காற்று நிலைகொள்ளவில்லை. ரயிலடித் தெருவில் கடைகளின் பலகைகள் சீக்கிரமே மூடின. இரவு 11.55-க்குப் பாம்பன் ரயிலடியிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. போர்க்காலத்தில் பேப்பர்க் கட்டு விழுந்துகொண்டிருந்த அதே தண்டவாளம். வண்டியில் பயணிகள் 110 பேர், ரயில்வே ஆட்கள் 5 பேர்.

தனுஷ்கோடிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். இருட்டில் சிக்னல் விளக்கு எரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் காத்திருந்தார். பச்சை வரவில்லை, சிவப்பும் வரவில்லை. இரண்டு பக்கமும் கடல். பின்னால் போவதா, முன்னால் போவதா?

ஓட்டுநர் நீண்ட விசில் ஒன்று கொடுத்தார். வண்டி முன்னால் நகர்ந்தது.

(தொடரும்)